உடம்புச் சூட்டில் வளர்ந்தது

முத்திருளாயி வேலைக்குச் சேர்ந்த ஏழு ஆண்டுகளில் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. அன்றும் காலை ஆறு மணிக்கு ஆலை வாசலில் நின்று, குடித்திருக்கிறாரா என்று காட்டும் கருவியில் ஊதினார். சிவப்பு விளக்கு எரிந்தது. காவலர் கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் சிவப்பு.

அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை.

எங்கள் ஆலை கமுதிக்குத் தெற்கே பூலாங்கொம்பு என்ற ஊரின் எல்லையில் இருக்கிறது. பெட்ரோல் கப்பல்கள் வருவது நின்று அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாற்பது ஊராட்சிகள் சேர்ந்து அதை நடத்தின. சீமைக்கருவேல மரத்தை வெட்டித் தூளாக்கி நீராவியில் வேகவைத்தால் அதிலிருந்து சர்க்கரை இறங்கும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். எங்கள் பகுதியின் பேருந்துகளும் டிராக்டர்களும் மூன்று ஆம்புலன்ஸ்களும் அதில்தான் ஓடின. சாராயத் தொட்டிகள் இருக்கும் இடம் என்பதால் உள்ளே வரும் ஒவ்வொருவரும், மேனேஜர் உட்பட, வாசலில் ஊதிவிட்டுத்தான் வரவேண்டும்.

என் பெயர் லூர்துராஜ். ஆலையின் ஆய்வகம் என் பொறுப்பு. மரத்தில் இரண்டு விதமான சர்க்கரை உண்டு. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் ஒன்றை மட்டும்தான் தின்னும். மற்றது வீணாகச் சாக்கடைக்குப் போகும். அந்த இரண்டாவது சர்க்கரையையும் தின்னும் காட்டு ஈஸ்ட் ஒன்றை, மேகமலையில் மக்கிய மரத்துக்குள் வாழும் கருவண்டின் வயிற்றிலிருந்து நான் எடுத்து வந்தேன். அதற்காக எனக்குப் பாராட்டு விழாக்கூட நடத்தினார்கள். ஆனால் அது மலையில் பிறந்தது. முப்பது டிகிரிக்கு மேல் சூடு போனால் சோர்ந்துவிடும். கமுதி வெயிலில் அதை உயிரோடு வைத்திருக்க, செய்த எரிபொருளில் பாதியைக் குளிரூட்டும் இயந்திரத்துக்கே ஊற்றிக்கொண்டிருந்தோம்.

முத்திருளாயி அந்தத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர். மேலே ஏறி நுரையை வழித்து எடுப்பது, கலக்குவது, சூடு பார்ப்பது எல்லாம் அவர் வேலை. வயது நாற்பத்தாறு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஊர்ப் பெண்களைத் திரட்டி, மதுக்கடை வாசலில் பத்தொன்பது நாள் உட்கார்ந்து, அந்தக் கடையை மூடவைத்தவர்.

மேனேஜர் சிவகடாட்சம் தன் அறையில் விசாரணை வைத்தார். நானும் இருந்தேன்.

"ஏம்மா, மூணு நாளா சிவப்பு. என்ன சொல்றீங்க?"

"நான் குடிக்கல சார்."

"மெஷின் பொய் சொல்லுமா?"

"மெஷினப் பத்தி எனக்குத் தெரியாது. என்னப் பத்தித் தெரியும்."

அதே ஷிப்டில் வேலை பார்த்த பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டார்கள். மதுக்கடைப் போராட்டத்தில் முத்திருளாயிக்கு அடுத்துப் பாய் விரித்து உட்கார்ந்தவர் அவர். இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. பஞ்சவர்ணம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு வாரமாவே வாசனை வருது சார். மத்தியானச் சோத்துக்குப் பெறகு நடையும் சரியில்ல. நேத்து ஏணியில கால் தடுக்கி விழப் பாத்துச்சு அக்கா. தொட்டியில விழுந்திருந்தா என்ன ஆகுறதுன்னுதான் சொல்றேன்."

முத்திருளாயி அவரை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

தொட்டியிலிருந்து எடுத்துக் குடித்ததாக எழுதி, வேலையிலிருந்து நீக்கினார்கள். சாட்சியாக நானும் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அதில் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை.

ஊருக்குள் என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். மூடிய கடையின் முன்னாள் வாடிக்கையாளர்கள் முத்திருளாயி தெருவில் போகும்போது, "என்ன தலைவி, இன்னிக்கு எத்தன ரவுண்டு?" என்று கேட்டிருக்கிறார்கள். பெண்கள் சங்கத்தில் அவரை உட்காரச் சொல்லவில்லை. அவர் தண்ணீர்க் குழாய்க்கு வந்தால் பேச்சு நின்றுபோகும். அவர் யாரிடமும் வாதாடவில்லை. நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டர் ரஹ்மத் நிஷாவிடம், "என்னை ஒரு ரூம்புல போட்டுப் பூட்டுங்கம்மா" என்று கேட்டிருக்கிறார்.

இருபது நாள் கழித்து அவரும் டாக்டரும் என் ஆய்வகத்துக்கு வந்தார்கள். முத்திருளாயி ஒரு பள்ளிக்கூட நோட்டை என் மேசையில் வைத்தார். உள்ளே கட்டம் போட்டு எழுதியிருந்தது. ஒரு பக்கம் என்ன சாப்பிட்டார் என்பது, மறுபக்கம் மணிக்கு ஒரு முறை ஊதிய அளவு.

"ஆறு நாள் எங்க நிலையத்துல பூட்டின அறையில இருந்தாங்க. சாவி என்கிட்ட" என்றார் டாக்டர். "குடிக்க வழியே இல்ல லூர்து. ஆனா ஏறுது."

"வெறும் வயித்தோட கெடந்தா எறங்கிருது சார்" என்றார் முத்திருளாயி. "வெள்ளைச் சோறு தின்னா கொஞ்சமா ஏறுது. கம்பு, தவிடு, வாழைத்தண்டு, கீரை, இதுகளத் தின்னா மூணு மணி நேரத்துல தலை கிறுகிறுங்குது. அரிசியவிட நாரு கூடுதலா ஏத்துது. ஏன்னு எனக்கு வெளங்கல. ஒங்களுக்கு வெளங்கும்னு வந்தேன்."

எனக்கு விளங்கியது. வயிற்றில் ஈஸ்ட் தங்கி, உண்ட சோற்றைச் சாராயமாக்கும் நோய் அபூர்வமாக உண்டு. ஆனால் அது அரிசியிலும் மாவிலும்தான் வேலை செய்யும். நாரில் இருக்கும் சர்க்கரையைத் தின்னும் ஈஸ்ட் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான்.

"போன ஆவணியில ஒங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல?"

"டைபாய்டு. பதினாலு நாள் மாத்திரை."

"அந்த மாத்திரை வயித்துல இருக்கிற எல்லாக் கிருமியையும் கொன்னு இடத்தக் காலி பண்ணிடும். அந்த நேரத்துல நீங்க தொட்டி நுரை தெறிக்கிற இடத்துல நின்னு வேலை பாத்திருக்கீங்க. காலி வயித்துல நம்ம ஈஸ்ட் குடியேறிடுச்சு."

கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் குழாயை மூடினார். முத்திருளாயி இல்லாத தொட்டிப் பக்கம் வேலை செய்யப் பிடிக்கவில்லை என்று ஆய்வகத்துக்கு மாற்றல் கேட்டு வந்திருந்தார். அவர் நின்ற இடத்தில் அப்படியே நின்றார்.

"அப்ப அக்கா குடிக்கலையா?" என்றார்.

அவர் ஈரக் கையோடு வெளியே போய்விட்டார்.

முத்திருளாயியின் வயிற்றிலிருந்து எடுத்த ஈஸ்ட்டைத் தட்டில் வளர்த்துப் பார்த்தேன். நுண்ணோக்கியில் அதே வடிவம், அதே ஊசி போன்ற வித்து. ஆனால் மனித உடம்பின் சூடு முப்பத்தேழு டிகிரி. ஆறு மாதமாக அது அந்தச் சூட்டில் பிழைக்கக் கற்றுக்கொண்டிருந்தது. நாற்பதில் வைத்தேன், வளர்ந்தது. நாற்பத்தொன்றிலும் வளர்ந்தது. நான் ஏழு ஆண்டுகள் ஆய்வகத்தில் முயன்று முடியாததை அந்தப் பெண்ணின் குடல் செய்து முடித்திருந்தது.

ஐந்தாவது நாள் அத்தனை தட்டுகளும் சோர்ந்துபோயின. மறுபடி எடுத்து வளர்த்தேன். மறுபடி ஐந்தாவது நாளில் அதே கதை. குடலுக்குள் அது தனியாக இருக்கவில்லை; ஏதோ ஒரு துணைக் கிருமியின் தயவில்தான் சூட்டைத் தாங்குகிறது. வெளியே எடுத்ததும் அந்தத் துணை கரைந்துபோகிறது. அது எது, அதை எப்படி வைத்திருப்பது என்று கண்டுபிடிக்கும்வரை எனக்கு நாள்தோறும் புது விதை, அதாவது அந்த வயிற்றிலிருந்து அன்றன்றைக்கு எடுத்த ஈஸ்ட், வேண்டும்.

பங்குனி பிறந்ததும் குளிரூட்டும் இயந்திரத்தின் முக்கியமான பாகம் ஒன்று எரிந்துபோனது. அதற்கு மாற்று இந்த நாட்டில் எங்கும் இல்லை. பழைய பாகங்களைக் கட்டி ஒட்டி ஓட்டினோம். எட்டுத் தொட்டிகளில் ஐந்து செத்தன. பேருந்துகள் வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆனது. ஆம்புலன்ஸ் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. சித்திரை வெயில் வந்தால் அதுவும் நின்றுவிடும்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நான் முடிக்கும்வரை கேட்டார்.

"பதினாலு நாள் மருந்து குடுத்தா முத்திருளாயிக்குச் சரியாயிடும்" என்றார். "அந்த மருந்த நிறுத்தி வைன்னு சொல்ல வந்திருக்கீங்க. கல்லீரல் ஏற்கெனவே வீங்கியிருக்கு. அவங்க தொட்டி இல்ல, லூர்து."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்குறீங்க. அதான் எனக்குக் கோவம். நேத்து ஒரு பிரசவ கேஸ மாட்டு வண்டியில கொண்டுவந்தாங்க. அதனால முழுசாவும் கோவப்பட முடியல. அவங்ககிட்டயே கேளுங்க. நானும் கூட இருப்பேன். ஒண்ணையும் மறைக்கக் கூடாது."

ஒன்றையும் மறைக்கவில்லை. கல்லீரல், மயக்கம், விழுந்து அடிபடும் அபாயம் எல்லாவற்றையும் டாக்டர் சொன்னார். முத்திருளாயி தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளு?"

"நாப்பது நாள். அதுக்கு மேல நான் விடமாட்டேன்" என்றார் டாக்டர்.

"சரி. மூணு விசயம் இருக்கு. மேனேஜர் சார் ஊர் நடுவுல வந்து நான் குடிக்கலைன்னு சொல்லணும். மொத அது நடக்கணும். ரெண்டாவது, இந்த ஈஸ்ட்ட யாரும் பூட்டி வைக்கக் கூடாது. கருவேலம் மொளைக்கிற எந்த ஊருக்காரன் வந்து கேட்டாலும் குடுக்கணும். எழுதிக் குடுங்க."

"மூணாவது?"

"நாப்பது நாளும் நான் தள்ளாடிக்கிட்டுத்தான் இருப்பேன். யாரும் வந்து வேடிக்க பாக்கக் கூடாது."

சிவகடாட்சம் மறுநாள் காலையே வந்தார். பஞ்சாயத்து அலுவலகம் முன்னால் ஊர் கூடியிருந்தது. எழுதி வைத்திருந்த தாளைப் படிக்க ஆரம்பித்தவர், பாதியில் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இவங்க ஒரு சொட்டுகூடக் குடிக்கல. நாங்கதான் தப்பாச் சொன்னோம். என்னை மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, முத்திருளாயியைப் பார்த்துக் கைகூப்பினார். கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. பலர் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவரை வேலையிலிருந்து நீக்கிய காகிதத்தில் நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தேன் என்று நானாக எழுந்து சொன்னேன். முத்திருளாயி, "ஒக்காருங்க சார், வெயில்" என்றார்.

நாற்பது நாள் தொடங்கியது. ஈஸ்ட் நன்றாக இருக்கக் கம்பங்கூழும் தவிடு கலந்த ரொட்டியும் வாழைத்தண்டும் அவர் சாப்பிட வேண்டும். விதைக் குப்பியை ஒவ்வொரு காலையும் பஞ்சவர்ணம் கொண்டுவந்து கொடுத்தார். ஆலையில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு முத்திருளாயி வீட்டிலேயே இருந்தார் அவர். குளிக்கவைத்து, கைபிடித்து நடத்தி, விழாமல் பார்த்துக்கொண்டார். அவர்கள் இருவரும் அந்த விசாரணையைப் பற்றி எப்போதாவது பேசினார்களா என்று எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் நான் பார்க்கப் போனேன். முத்திருளாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் சுட்ட காயத்துக்குக் கட்டு. பேச்சு குழறியது, ஆனால் கண் தெளிவாகத்தான் இருந்தது.

"சார், குடிச்சிட்டுக் கெடக்குற ஆம்பளைங்கள நான் வெளக்கமாத்தால அடிச்சிருக்கேன்" என்றார். "உள்ள இருந்து பாத்தா இப்பிடி இருக்கும்னு தெரியாது. ஒரு நிமிசம் எதுவுமே வலிக்கல. மறு நிமிசம் பொறந்ததுலேர்ந்து வலிச்சது பூரா ஒண்ணா வலிக்குது. கடைய மூடுனது சரிதான். அதுல மாத்தம் இல்ல. அடிச்சதுதான் தப்பு. இது முடியட்டும், குடிச்சுக் கெட்டுப்போனவனுக்கு மருந்து குடுக்க ஒரு எடம் கேக்கணும்."

நான் என் தட்டுகளின் நிலைமையைச் சொன்னேன். ஐந்து நாள் என்பது ஆறு நாள் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

"ஒங்க வேலைய நீங்க பாருங்க. இங்கிட்டு நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

அதன்பிறகு நான் ஆய்வகத்தை விட்டு வெளியே வரவில்லை. குப்பிகள் தவறாமல் வந்தன. பத்தொன்பதாம் நாளிலிருந்து குப்பியைச் சுகாதார நிலையத்தின் உதவியாளர் கொண்டுவந்தார். நான் அதைக் கவனித்தேன், ஏன் என்று கேட்கவில்லை. அந்த வாரம் எடுத்த விதை ஆறாவது நாளைக் கடந்தது. பத்தாவது நாளும் அது சோரவில்லை. அதைச் செத்துப்போன தொட்டியில் ஊற்றினேன். வெளியே வெயில் நாற்பத்தொரு டிகிரி. குளிரூட்டும் இயந்திரத்தை நானே போய் அணைத்தேன். மாலைக்குள் தொட்டியின் மேல் நுரை கட்டி, கொப்புளம் வெடிக்கும் சத்தம் மழைத் தூறல் போலக் கேட்டது.

முப்பத்து மூன்றாம் நாளுக்குள் எட்டுத் தொட்டிகளும் உயிர்பெற்றன. இயந்திரத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்த பாதியும் மிச்சம். மூன்று ஆம்புலன்ஸ்களும் வாசலில் வரிசையாக நின்று நிரப்பிக்கொண்டு போயின. சிவகடாட்சம் ஓட்டுநர்களுக்கு மிட்டாய் கொடுத்தார்.

அன்று மதியம் நான் துணைக் கிருமியைப் பிரித்து எடுத்துப் பத்திரப்படுத்த உட்கார்ந்தேன். பழைய குப்பிகளையும் புதியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் பதினெட்டு நாள் குப்பிகளில் ஒரு கூட்டம் கிருமிகள். பத்தொன்பதிலிருந்து முற்றிலும் வேறு கூட்டம். ஒரு மனிதரின் குடலில் இருக்கும் கிருமிக் கூட்டம் கைரேகை மாதிரி. ஒரே நாளில் அடியோடு மாறாது. குப்பிகள் கலந்துவிட்டதோ என்று பயந்து சுகாதார நிலையத்துக்கு ஓடினேன்.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"கலக்கல. அது வேற ஆள்."

"வேற ஆளா?"

"பஞ்சவர்ணம். அன்னிக்கு ஆய்வகத்துல நீங்க முத்திருளாயிக்கு விளக்கமாச் சொன்னீங்க இல்ல, மாத்திரை வயித்தக் காலி பண்ணும், காலி வயித்துல ஈஸ்ட் குடியேறும்னு. அவங்க அத அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. பல்வலின்னு என்கிட்ட மாத்திரை வாங்கி ஒண்ணு விடாம முழுங்கியிருக்காங்க. அப்பறம் முத்திருளாயியோட ஈஸ்ட் வளத்து நீங்க கீழ ஊத்தச் சொன்ன குடுவைத் தண்ணியக் குடிச்சிருக்காங்க, ஒரு தடவை இல்ல, பல தடவை. பதினாறாம் நாள் என் முன்னாடி வந்து நின்னு ஊதிக் காமிச்சாங்க. 'நான் தயாராயிட்டேன், அக்காவுக்கு மருந்து குடுங்க'ன்னாங்க. எனக்குக் கத்தணும்போல இருந்துச்சு. ஆனா முத்திருளாயியோட ரத்தப் பரிசோதனை அன்னிக்குக் காலையிலதான் வந்திருந்துச்சு. இன்னும் ஒரு வாரம் போயிருந்தா கல்லீரலக் காப்பாத்தியிருக்க முடியாது."

"முத்திருளாயி ஒத்துக்கிட்டாங்களா?"

"ரெண்டு பேரும் ரெண்டு நாள் சண்டை போட்டாங்க. கடைசியில ஒத்துக்கிட்டாங்க."

வெளியே எடுத்த பிறகும் கரையாத துணைக் கிருமி பஞ்சவர்ணத்தின் குடலில்தான் இருந்தது. முத்திருளாயியிடமே நாற்பது நாளும் எடுத்திருந்தால் எனக்கு அது கிடைத்திருக்கவே கிடைக்காது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"முத்திருளாயிதான் வேண்டாம்னாங்க. ரெண்டாவது ஆள்னு தெரிஞ்சா நீங்க நிறுத்திடுவீங்கன்னு." டாக்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். "அந்தச் சண்டையில பஞ்சவர்ணம், 'நான் வேணாம்னா சாரக் கேப்போம், அவரு குடிக்கிறாரான்னு'ன்னு சொன்னாங்களாம். 'வேணாம், சாருக்குக் கையும் கண்ணும் நிதானமா இருக்கணும்'னு முத்திருளாயி சொல்லிட்டாங்களாம்."

என்னைப் பெருமைப்படுத்தத்தான் முத்திருளாயி அப்படிச் சொல்லியிருக்கிறார். ஆனால் என் மனதில் அப்படி ஒரு எண்ணமே ஒருபோதும் வந்ததில்லை. ஆய்வகத்தில் குடுவை என் கையில் இருந்தது. மாத்திரையும் எனக்குக் கிடைத்திருக்கும். நானே அதைக் குடிக்கலாம் என்று முப்பத்து மூன்று நாளில் ஒரு முறைகூட எனக்குத் தோன்றவில்லை.

"இப்ப எப்படி இருக்காங்க?"

"தொட்டிகள் பிழைச்சிடுச்சுன்னு நேத்து நீங்க சொல்லியனுப்பினதும் மருந்து ஆரம்பிச்சேன். பிழைச்சுக்குவாங்க. மொத நாலு நாள் கஷ்டம்."

பூலாங்கொம்புக்கு நடந்தே போனேன். முத்திருளாயியின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பாயில் பஞ்சவர்ணம் படுத்திருந்தார். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, நெற்றியில் வியர்வை. முத்திருளாயி அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார், ஆனால் முதுகு நேராக இருந்தது. நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விரலை உதட்டில் வைத்தார்.

"இப்பத்தான் கண்ணசந்தா" என்றார் மெதுவாக. "வாந்தி எடுத்து எடுத்து ஓஞ்சு போயிட்டா. டாக்டரம்மா எல்லாஞ் சொல்லிட்டாகளா?"

தலையாட்டினேன். பதிவேட்டில் இவர்கள் இருவரின் பெயரையும் எழுதப் போவதாகச் சொல்ல நினைத்து வந்திருந்தேன். இந்த ஈஸ்ட் கேட்டு வரும் ஒவ்வொரு ஊருக்கும் அந்தப் பெயர்களோடுதான் போகும் என்றும் சொல்ல நினைத்திருந்தேன். பாயில் கிடந்தவரைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

முத்திருளாயி தன் கையிலிருந்த பனையோலை விசிறியை என் பக்கம் நீட்டினார்.

"இதப் பிடிங்க சார். காலையிலேர்ந்து வீசிக் கை வலிக்குது. நான் போயிக் கஞ்சி வச்சிட்டு வாறேன்."

வாங்கிக்கொண்டு, பஞ்சவர்ணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து வீச ஆரம்பித்தேன்.